பழைய காமிராவும் பொருந்தும் லென்ஸும்

எச்செயலைத் தொடங்குவதாயினும், கையிலுள்ள செல்வம், துணையாகுஞ் சாதனம், ஏற்ற வேளை, செய்யவேண்டிய தொழில், செய்தற்குரிய இடம் என்னும் இவ்வைந்தையும் ஐயமறச் சிந்தித்த பின்னரே தொடங்க வேண்டுமென்று திருவள்ளுவர் வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். அரசர்க்கும் அமைச்சர்க்கும் கூறப்பட்ட அம்முறை, காமிரா ஒன்று வாங்க விரும்புங் கல்லூரி மாணவனுக்கும் சாலப் பொருந்தும். ஆயின் இக்காலத்து மாணவருட் பலர் ஐந்தனுள் சாதனம் ஒன்றையே எண்ணி ஏனைய நான்கையும் மறந்துவிடுகின்றனர். விளம்பரத்தைக் கண்டவுடன் புதுக் கருவியின்மேல் ஆசை பிறக்கின்றது. ஆசைக்குத் தவணைக் கடன் துணை வருகின்றது. கடன் தீருமுன்னரே அக்கருவியும் பழையதாகி விடுகின்றது. கற்கப் புகுந்த கலையோ தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடுகின்றது.

இது குறித்து நமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகின்றோம். படம் பிடிக்குங் கலையைக் கற்க விரும்பும் மாணவனுக்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிரா ஒன்றும், அதற்குப் பொருந்தும் நல்ல லென்ஸ் ஒன்றுமே போதும். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் அறிவும், அவற்றோடு பழகும் பொறுமையும் உடையவனுக்குப் புதியது வேண்டா. அன்றியும், இத்தகைய கருவிகளை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்குவதினும், கல்லூரி பொதுவில் வைத்துப் பேணுதல் மிக நன்று. இவ்விரண்டையும் காரணங் காட்டி நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண், எஸ்.எல்.ஆர். காமிரா என்பது யாதெனப் பார்ப்போம். லென்ஸின் வழியே புகும் ஒளியை, உள்ளே சாய்வாக அமைந்த கண்ணாடி மேல்நோக்கித் திருப்புகின்றது. மேலேயுள்ள பட்டகம் அவ்வுருவை நிமிர்த்திக் கண்ணுக்குக் காட்டுகின்றது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடி மேலெழும். பின்னுள்ள ஷட்டர் திறக்கும். ஒளி, சென்சார் எனப்படும் ஒளியுணர் தகட்டின்மேல் விழும். முன்னாளில் பிலிம் இருந்த இடத்தில் இந்நாளில் சென்சார் இருக்கின்றது, வேறுபாடு அவ்வளவே. 1991-இல் கோடாக் கம்பெனியார் நைக்கான் எஃப்3 என்னும் பிலிம் காமிராவின் உடலையே கொண்டு, ஏறக்குறைய 13 இலட்சம் புள்ளிகளைப் பதியும் டிஜிட்டல் காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தனர். 1999-இல் நைக்கான் டி1 வெளிவந்தது. 2003-இல் ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் கானன் 300டி வந்த பின்னரே இவ்வகைக் காமிரா பொதுமக்கள் கைக்கு எட்டியது.

2018-இல் இவ்விரு கம்பெனியாரும் பெரிய சென்சாருடைய கண்ணாடியில்லாக் காமிராக்களையும், அவற்றிற்கென்றே புதிய லென்ஸ் வாய்களையும் வெளியிட்டனர். அதன்பின் தொழில் வல்லுநர் பலர் தம்முடைய எஸ்.எல்.ஆர். கருவிகளை விற்றுவிட்டுப் புதியவற்றிற்கு மாறினர். ஆகவே நல்ல நிலையிலுள்ள பழைய காமிராக்கள் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் விலை குறைந்தது வழக்கம் மாறியதனால் அன்றித் தரங் கெட்டதனால் அன்று. நேற்று வரையில் திருமண மண்டபத்தில் பொருளீட்டிய கருவி இன்று திடீரெனப் படம் பிடிக்க மறந்துவிடவில்லை என்பதை நண்பர்கள் உணர்தல் வேண்டும்.

இனி, தொழில் என்பதை ஆராய்வோம். என்ன படம் எடுக்கப் போகின்றோம் என்று தன்னையே வினவாதவன் எந்தக் காமிராவையும் வாங்கலாகாது. வீட்டு நிகழ்ச்சிகளை நினைவிற்கு வைத்துக்கொள்வதும், நண்பர்க்கு உடனே அனுப்புவதுமே விருப்பமாயின் கையிலுள்ள தொலைபேசியே போதும். சலனப் படம் எடுத்தலே முதல் நோக்கமாயின், பழைய எஸ்.எல்.ஆர். அதற்கு உகந்ததன்று, அவ்வகையில் சலனப் படம் எடுக்க வல்லதாக முதலில் வந்த நைக்கான் டி90 என்பதே 2008-இல்தான் தோன்றியது. ஆனால் தொலைவிலுள்ள பறவையையோ, ஓடும் ஆட்டுக் கிடாயையோ, விளக்கொளியில் இருக்கும் முதியவர் முகத்தையோ, விரல் நுனியளவான பூவையோ தான் எண்ணியவாறே படமாக்க வேண்டுமென்பவனுக்கு, லென்ஸை மாற்றத்தக்க கருவி இன்றியமையாதது. இக்காமிராக்களின் சென்சார் சாதாரணத் தொலைபேசியின் சென்சாரைவிடப் பன்மடங்கு பரப்புடையது. மேலும், ஒளியையும் வேகத்தையும் தானே அளந்து முடிவு செய்ய இது மாணவனை வற்புறுத்துகின்றது. தொலைபேசி தானே முடிவு செய்துவிடுகின்றது. ஆகவே அது படத்தைத் தருகின்றதேயன்றிப் பாடத்தைத் தருவதில்லை.

அடுத்தது இடம். நம் மாணவர் பலர் ஆலங்குளத்திலிருந்தும், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் முதலிய ஊர்களிலிருந்தும் வருகின்றனர். இப்பகுதியைப்போல் சிறு எல்லைக்குள் பலவகைக் காட்சிகளைக் கொண்ட நிலம் அரிது. மேற்கே மலைத்தொடர், கிழக்கே கரிசற் காடு, இடையே கண்மாயும் பருத்திப் புஞ்சையும், சிமெண்ட் ஆலையும், தீப்பெட்டி வெடிமருந்துத் தொழிலகங்களும். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கேயுள்ள செண்பகத்தோப்புக் காட்டில் சாம்பல் நிற மலையணில் வாழ்கின்றது. அதனைக் காப்பதற்கென 1988-இல் சரணாலயம் அமைந்தது; அது 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. தெற்கே கழுகுமலையில் ஒரே பாறையை மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி, முற்றுப்பெறாமல் விடப்பட்ட வெட்டுவான் கோயில் நிற்கின்றது. வெம்பக்கோட்டையில் 2022-இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையார் அகழாய்வு தொடங்கிப் பழங்காலத்து வாழ்க்கையின் சின்னங்களை வெளிக்கொணர்ந்தனர்.

இக்காட்சிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு லென்ஸை வேண்டுகின்றன. மரக்கிளையின் உச்சியில் தாவும் மலையணிலுக்கு 300 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் வேண்டும். ஆண்டாள் கோயிலின் பதினொரு நிலைக் கோபுரத்தை அண்மையில் நின்று அடக்குதற்கு 18 மில்லிமீட்டர் அளவுள்ள அகல்பார்வை லென்ஸ் வேண்டும். பருத்திப் பூவின் மகரந்தத்தைக் காட்டவேண்டிய தாவரவியல் மாணவன் விலையுயர்ந்த நுண்பட லென்ஸ் வாங்க வேண்டியதில்லை; காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையே மாட்டும் வெற்று வளையங்கள் சில போதும். கிராமத்துப் பாட்டியின் முகச் சுருக்கத்தையும் கண்ணொளியையும் காட்டுதற்கோ 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு ஈடு மிகச் சிலவே. ஆகவே, எந்தக் காமிரா நல்லது என்பதைவிட எந்த லென்ஸ் வேண்டும் என்பதே முந்திய வினா. லென்ஸை முதலிற் தேர்ந்து, அதனை ஏற்குங் காமிராவைப் பின்னர்த் தேர்வதே முறை.

சாதனத்தைப் பற்றி இனிக் கூறுவோம். காமிராவின் உடல் ஐந்தாறு ஆண்டுகளில் மதிப்பிழக்கும். நல்ல லென்ஸோ முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கும். ஆதலின் உடலுக்குக் குறைவாகவும் லென்ஸுக்கு மிகுதியாகவும் செலவிடுதல் வேண்டும். காமிராவுடன் சேர்த்து விற்கப்படும் 18-55 லென்ஸ், 55-இல் நிற்கும்போது அதன் துவாரம் எஃப் 5.6 அளவே திறக்கும். 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் அதனைவிட ஏறக்குறைய ஒன்பதரை மடங்கு ஒளியை உள்ளே விடும். முன்னதில் ஆறிலொரு வினாடி திறந்திருக்க வேண்டிய ஷட்டர், பின்னதில் அறுபதிலொரு வினாடி திறந்தாற் போதும். கை நடுக்கத்தால் மங்கிய படத்திற்கும் தெளிந்த படத்திற்கும் உள்ள வேறுபாடு இதுவே. இவ்வகை 50 மில்லிமீட்டர் லென்ஸ் எல்லா லென்ஸ்களிலும் விலை குறைந்தவற்றுள் ஒன்று என்பது மாணவரின் நற்பேறு.

காமிராவின் புள்ளிக் கணக்கில் மயங்குவோர் பலர். நைக்கான் டி40 என்னும் 2006-ஆம் ஆண்டுக் காமிரா 3008க்கு 2000, அதாவது 60 இலட்சம் புள்ளிகளைப் பதிகின்றது. 'இது போதுமா?' என்று வினவுவார்க்கு நம் அண்டையிலுள்ள சிவகாசியே விடையளிக்கும். ஆப்செட் அச்சில் நல்ல படத்திற்கு அங்குலத்திற்கு 300 புள்ளி என்பது பொதுவான கணக்கு. அக்கணக்கின்படி 3008 புள்ளி 10 அங்குல அகலமும், 2000 புள்ளி 6 2/3 அங்குல உயரமும் உள்ள படமாகும். நம் ஆண்டு மலரில் அச்சிடுதற்கு அது மிகவும் போதுமானது. நைக்கான் டி90-இன் 4288க்கு 2848 புள்ளிகளோ 14 அங்குலத்திற்கு மேல் அகலமுள்ள நாட்காட்டிப் படத்திற்கே போதும். சுவரொட்டி அளவில் அச்சிடுவோர் ஒழிய, ஏனையோர் இதற்குமேற் புள்ளிகளை விலைகொடுத்து வாங்குதல் வீண்.

நிற்க. பழங்கருவி வாங்குவோர் தவறாது அறியவேண்டுவது பொருத்தம். லென்ஸின் அடியும் காமிராவின் வாயும் ஒன்றுக்கொன்று இசைய வேண்டும். திருமணத்திற்குப் பத்துப் பொருத்தம் பார்க்கும் நம் மக்கள் லென்ஸுக்கு ஒரு பொருத்தமும் பாராமல் வாங்கிவிட்டு வருந்துகின்றனர்.

நைக்கான் கம்பெனியார் 1959-இல் அமைத்த எஃப் என்னும் வாயையே தம் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் அனைத்திலும் வைத்தனர். ஆயினும் வாய் ஒன்றாயிருத்தலால் எல்லாம் இயங்குமென்று எண்ணலாகாது. டி50, டி70, டி80, டி90, டி200, டி300, டி7000 ஆகியவற்றின் உடலில், லென்ஸைத் திருப்பி உருவைக் கூர்மையாக்கும் மோட்டார் உண்டு. டி40, டி60, மேலும் டி3000, டி5000 வரிசைகளில் அஃது இல்லை. ஆகையால் ஏ.எஃப்.-டி என்னும் எழுத்துடைய பழைய லென்ஸ்கள் பின்னவற்றில் மாட்டினால், கையாலேயே திருப்பிக் கூர்மை செய்தல் வேண்டும். தமக்குள்ளே மோட்டார் உடைய ஏ.எஃப்.-எஸ் லென்ஸ்கள் இரண்டு வகையிலும் இயங்கும். 2009-இல் வந்த 35 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும், 2011-இல் வந்த 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸும் அவ்வகையின.

இதற்கு மறுதலையாகப் புதிய லென்ஸ் பழைய காமிராவுக்கு ஒவ்வாமையும் உண்டு. 2016-இல் வந்த ஏ.எஃப்.-பி வகை 18-55 லென்ஸ், டி90, டி7000, டி3100 போன்ற முந்திய காமிராக்களில் மாட்டினால் மாட்டிக்கொள்ளும். கூர்மை மட்டும் செய்யாது. கையால் திருப்பியும் பயனில்லை. விலை மலிவென்று அதனை வாங்குவோர் ஏமாறுவர். பிலிம் காலத்துக் கைத்திருப்பு லென்ஸ்களுள் 1977 முதல் வந்த ஏ.ஐ. வகையை மாட்டினால் டி200, டி300, டி7000 ஆகியவை ஒளியையும் அளந்து காட்டும்; டி90, டி40 ஆகியவை அளவு காட்டமாட்டா; படம் மட்டும் எடுக்கும். 1977-க்கு முந்திய லென்ஸ்களை அடி திருத்தாமல் டி90, டி7000 போன்றவற்றில் மாட்டவே கூடாது.

கானன் வகையில் கணக்கு எளிது. 1987-இல் தோன்றிய இ.எஃப். லென்ஸ்கள் அனைத்திலும் மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருத்தலின், அவை அக்கம்பெனியின் டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். காமிராக்கள் எல்லாவற்றிலும் இயங்கும். சிறிய சென்சாருக்கென 2003 முதல் வந்த இ.எஃப்.-எஸ் லென்ஸ்களோ 5டி முதலிய முழுச் சட்டகக் காமிராக்களில் மாட்டா. 1987-க்கு முந்திய எஃப்.டி. லென்ஸ்கள் முற்றிலும் வேறு இனம். இடையே மற்றொரு கண்ணாடி வில்லையுள்ள வளையம் வைத்தாலன்றித் தொலைவுக் காட்சி கூர்மையாகாது. அவ்வில்லை படத்தின் தரத்தையும் குறைக்கும். வேறு கம்பெனிகள் பிலிம் காலத்தில் கானன் வாய்க்கெனச் செய்த லென்ஸ்களுட் சில, டிஜிட்டல் காமிராவில் பிழைக் குறி காட்டி நின்றுவிடும். ஆதலின் மாட்டிப் பாராமல் வாங்குதல் கூடாது.

பழைய வீட்டு அலமாரிகளில் உறங்கும் ஜெனிட், பிராக்டிகா காமிராக்கள் பலவற்றில் எம்42 என்னும் திருகுவாய் லென்ஸ்கள் இருக்கும். இவற்றைப் பயன்படுத்தலாமா என்பதற்கு ஒரு சிறு கணக்கு விடை தரும். லென்ஸின் அடிக்கும் பிலிமுக்கும் இடையே இருக்கவேண்டிய தூரம் எம்42-க்கு 45.46 மில்லிமீட்டர். கானன் இ.எஃப். வாய்க்கு அது 44 மில்லிமீட்டர். ஆகவே எஞ்சிய ஒன்றரை மில்லிமீட்டரை ஒரு வெற்று வளையத்தால் நிரப்பிவிடலாம். லென்ஸ் முழுதும் பயன்படும். நைக்கானுக்கோ 46.5 மில்லிமீட்டர், லென்ஸ் இயல்பாகவே ஒரு மில்லிமீட்டர் முன்தள்ளி நிற்குமாதலால் தொலைவிலுள்ள மலை கூர்மையாகாது. பழைய திருகு லென்ஸ்களைப் பெற்றுள்ள மாணவன் கானன் உடலைத் தேர்வதே அறிவுடைமை. கம்பெனியின் பெருமையை நோக்காது, கையிலுள்ள லென்ஸை நோக்குக என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

செல்வத்தைப் பற்றி ஒன்று கூறவேண்டும். புதிய கண்ணாடியில்லாக் காமிராவும் லென்ஸும் சேர்ந்து ஐம்பதாயிரம் ரூபாயை எளிதில் தாண்டிவிடுகின்றன. வெடிமருந்துத் தொழிலகத்திலோ மில்லிலோ நாட்கூலிக்கு உழைக்கும் பெற்றோரின் பிள்ளைக்கு அத்தொகை ஒரு விளையாட்டுச் செலவன்று. கடன் சுமையுடன் தொடங்குபவன், கற்குமுன்னரே சம்பாதிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகின்றான். அரைகுறைப் பயிற்சியுடன் திருமண வீடு ஏறுகின்றான். ஒரு குடும்பத்தின் மீண்டும் வாராத நாளைக் கெடுத்துவிட்டுத் தன் பெயரையும் கெடுத்துக்கொள்கின்றான். பழங்கருவியைக் கைப்பணத்திற்கு வாங்கியவனுக்கோ தவறு செய்யவும் திருந்தவும் கால அவகாசம் உண்டு.

மலிவென்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குதலும் தகாது. வாங்குமுன் சோதிக்க வேண்டியவை சில உண்டு. லென்ஸின் பின்புறமிருந்து கைவிளக்கு ஒளியைப் பாய்ச்சி முன்புறமிருந்து நோக்குக, சிலந்தி வலைபோல் நூலிழைகள் தென்பட்டால் அது பூஞ்சை, விலக்குக. துவாரத்தின் தகடுகளில் எண்ணெய்ப் பசை இருப்பின் அவை சரியாக மூடா. துவாரத்தை எஃப் 16-க்குச் சுருக்கி, வெண்மையான வானத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் சென்சாரிலுள்ள தூசும் கீறலும் புலப்படும். ஷட்டர் எத்தனை முறை இயங்கியது என்பதை நைக்கான் காமிராக்கள் படக் கோப்பிலேயே பதிந்து வைக்கின்றன. கானன் பலவற்றில் தனி மென்பொருளால் அறியலாம். டி90, கானன் 40டி ஆகியவற்றின் ஷட்டர் ஒரு இலட்சம் முறைக்கும், டி300-இனது ஒன்றரை இலட்சம் முறைக்கும் சோதிக்கப்பட்டவை. அவ்வெல்லையை நெருங்கிய காமிராவை மிகக் குறைந்த விலைக்கன்றி ஏற்கலாகாது.

பாட்டரி, நினைவட்டை ஆகியவற்றையும் கருதுக. கானன் 20டி, 30டி, 40டி, 50டி, 5டி ஆகியவை ஒரே வகைப் பாட்டரியை ஏற்கும். நைக்கான் டி80, டி90, டி200, டி300, டி700 ஆகியவையும் தமக்குள் அவ்வாறே. இத்தகைய பொதுமை ஒரு பெருவசதி. முந்திய காமிராக்கள் பல காம்பாக்ட் பிளாஷ் என்னும் பெரிய அட்டையைக் கொள்வன. அதனை மாட்டும் துளையினுள் ஊசிகள் வளைந்துள்ளனவா எனக் காண்க. டி50 இரண்டு கிகாபைட்டுக்கு மேற்பட்ட எஸ்.டி. அட்டையை ஏற்காது, டி40, டி90 ஆகியவை 32 கிகாபைட் வரையில் ஏற்கும்.

ஐந்தாவதாகிய வேளை என்பதில் பயிற்சியும் பேணுதலும் அடங்கும். முதல் மூன்று மாதமும் ஒரே லென்ஸுடன் பழகுக. பிலிம் காலத்தார்போல் நாளொன்றுக்கு 36 படங்களுக்கு மேல் எடுப்பதில்லை என்று விரதம் பூணுக. துவாரம், ஷட்டர் வேகம், உணர்திறன் ஆகிய மூன்றையும் கையாலேயே அமைத்துப் பார்க்க. நம் நாட்டு உச்சி வெயில் முகத்தில் கரிய நிழலை வீழ்த்தும். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் எடுத்துப் பழகுக. மேற்கே மலை இருப்பதால் மாலை ஒளி இங்கு விரைவில் மறையும் என்பதையும் நினைவிற் கொள்க. சிறிய சென்சாரில் 50 மில்லிமீட்டர் லென்ஸ், நைக்கானில் 75 போலவும் கானனில் 80 போலவும் பார்வையைக் குறுக்கும். ஆகவே கையிற் பிடித்தெடுக்கும்போது எண்பதிலொரு வினாடிக்கு மெதுவாக ஷட்டரை விடாதிருத்தல் நன்று.

ஆனி, ஆடி மாதங்களில் கணவாய் வழியே வீசும் காற்று கரிசல் மண்ணை வாரி இறைக்கும். அக்காலத்தில் வெளியில் நின்று லென்ஸை மாற்றலாகாது. மாற்றியே ஆகவேண்டின், காற்றுக்கு முதுகு காட்டி, காமிராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து விரைந்து மாற்றுக. சென்சாரில் தூசு படிந்தால் வாயால் ஊதாதீர். எச்சில் படிந்து கெடும். ரப்பர்க் குமிழால் காற்றடிக்க. ஐப்பசி, கார்த்திகை மழைக் காலத்திலோ எதிரி பூஞ்சை. தோல் உறையில் லென்ஸை அடைத்து அலமாரியில் மறந்துவிடுவதே அதனை வளர்க்கும் வழி. காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வைத்து, வாரமொருமுறை வெளியே எடுத்துப் பயன்படுத்தும் லென்ஸைப் பூஞ்சை எளிதில் அணுகாது. பயன்படுத்துதலே பாதுகாத்தல் என்பது லென்ஸுக்கும் கல்விக்கும் பொதுவான விதி.

பழங்கருவியால் பெருஞ்செயல் ஆகுமோ என்று ஐயுறுவார்க்கு ஒரு தமிழரை எடுத்துக்காட்டுவோம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று, பத்மாவதி சரித்திரம் என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் 1912-இல் திருநெல்வேலியிற் பிறந்தவர். காட்டு விலங்குகளையும் பறவைகளையும் கறுப்பு வெள்ளையிற் படமெடுத்து, 1950 முதல் 1996-இல் தாம் மறையும் வரையில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் புதுக் கருவிகளைத் தேடி அலையவில்லை. வெவ்வேறு இடத்திற் கிடைத்த உடலையும் லென்ஸையும் தாமே பொருத்தி அமைத்துக்கொண்ட பருத்த காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டு, அதனைச் சுமந்துகொண்டே யானைக் கூட்டங்களைத் தொடர்ந்தார். அவருடைய படங்கள் நிலைத்தமைக்குக் காரணம் விலங்கின் இயல்பை அவர் அறிந்திருந்தமையே. எந்த லென்ஸ் எதற்குப் பொருந்தும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

பழையது பழுதானால் திருத்துவார் இல்லையே என்பது ஒரு தடை. உண்மைதான், நாளடைவில் உதிரிப் பாகங்கள் அருகும். அதனாலேயே உடலுக்குக் குறைவாகச் செலவிடுமாறு கூறினோம். உடல் ஓய்ந்தால் அதே வாயுள்ள வேறோர் உடலை வாங்கலாம். லென்ஸ்கள் அனைத்தும் அப்படியே பயன்படும். குறைந்த ஒளியில் பழைய சென்சார் மணல் தூவியதுபோற் புள்ளி காட்டும் என்பது மற்றொரு தடை. இதுவும் உண்மையே, டி40 போன்றவற்றில் உணர்திறனை 1600-க்கு ஏற்றினால் அக்குறை நன்கு தெரியும். ஒளி மிகுதியாக விடும் லென்ஸும், ஒரு முக்காலியும் அதற்கு மருந்து. குறையை அறிந்து கையாள்பவன், குறையே இல்லாத கருவியைத் தேடுபவனைவிட முன்னேறுவான்.

இறுதியாக, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். மேற்கூறிய அறிவு ஒருவர் இருவரோடு நின்றுவிடாமல் எல்லார்க்கும் பயன்பட வேண்டுமாயின், நூல்நிலையத்தில் நூல்களை வைத்திருப்பதுபோலப் பொதுக் காமிராப் பேழை ஒன்றை அமைத்தல் வேண்டும். அதற்கு முதல் விதி, ஒரே வாயைத் தேர்ந்துகொள்ளுதல். நன்கொடையாக வருவனவெல்லாம் கலந்து கிடந்தால் ஒன்றும் ஒன்றுக்கு உதவாது. முதலில் எவ்வகை லென்ஸ்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன என்று கணக்கெடுத்து, அவ்வாயுடைய உடல்கள் இரண்டினையும், ஒரே வகைப் பாட்டரிகளையும் வாங்குக. பதிவேட்டில் எழுதி, ஒரு வாரத்திற்கு ஒருவர் என இரவல் கொடுக்க. விஞ்ஞானப் பகுதியைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் அதற்குப் பொறுப்பேற்று, இரவல் கொடுக்குமுன் லென்ஸின் நிலையைச் சோதித்துக் குறிப்பெழுதுக.

பழைய மாணவர்களை இங்கே குறித்து அழைக்கின்றோம். வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் அன்பர்களே! தங்கள் அலமாரியிலே புதுக் கருவி வந்ததனால் ஒதுக்கப்பட்ட காமிராவும், தந்தையார் காலத்து லென்ஸும் உறங்கிக்கொண்டிருக்கலாம். பூஞ்சை அவற்றைத் தின்னுமுன் கல்லூரிக்கு அனுப்பி வைப்பீர்களாக. தங்களுக்குப் பயனற்ற 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று, ஆலங்குளத்திலிருந்து நாள்தோறும் பஸ்ஸேறி வரும் மாணவி ஒருத்திக்கு முதற் கருவியாகலாம்.

அவ்வாறு எடுக்கப்படும் படங்களைப் பற்றியும் ஒரு சொல். எடுத்த நாள், ஊர், காட்சி ஆகியவற்றைக் குறித்து, மூலக் கோப்புடன் கல்லூரியிற் சேமித்து வைக்க வேண்டும். காட்டில் எடுப்போர் வனத்துறையினர் அனுமதியுடனும், மனிதரை எடுப்போர் அவர்தம் இசைவுடனும் எடுத்தல் முறை. 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்தலைவர் மெழுகு பூசிய காகித நெகடிவ்களிற் பதித்த மதுரைக் காட்சிகளாலேயே அக்காலத்து மதுரை எவ்வாறு இருந்ததென்பதை இன்றும் கண்ணாரக் காண்கின்றோம். ஆலங்குளத்துக் கண்மாய்க்கும், கரிசற் புஞ்சைக்கும், அங்கு உழைக்கும் மக்களுக்கும் அத்தகைய சான்றை விட்டுச்செல்ல வேண்டியவர் நாமே. அதற்கு வேண்டுங் கருவி முன்னமே நம்மிடம் உள்ளது. பலர் வீட்டு அலமாரியில் உறங்குகின்றது. பொருத்தம் அறிந்து அதனை எழுப்புவோமாக.